இருபத்தைந்தாவது தாள்

இருபத்தைந்தாவது தாள் மட்டும் பெயர் சொல்ல மறுத்தது.

முதுநிலைத் தாவரவியல் மாணவரும் கள்ளக்குறிச்சிப் பள்ளி ஒன்றின் ஆய்வக உதவியாளருமான சுப்புராயன், வயது நாற்பத்தொன்பது, லென்ஸைத் துடைத்து மீண்டும் கண்ணில் வைத்தார். கல்வராயன் மலையில் திரட்டிய இருபத்தைந்து செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரெழுதி ஒப்படைக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள்களே இருந்தன. அஞ்சல்வழிப் பதிவின் காலமும் இம்முறையோடு முடிகிறது. தவறினால் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பிறருக்கு நுண்ணோக்கி துடைத்து வைத்தவர், ஒருமுறையாவது அதன் மறுபக்கத்தில் அமர விரும்பினார்.

அடையாளத் திறவுகோல் என்பது, இரண்டிரண்டு கேள்விகளாகக் கேட்டு ஒரு செடியின் பெயர்வரை நம்மை அழைத்துச் செல்லும் அட்டவணையாகும். முதல் கேள்வியிலேயே அது இடறியது. இலை நரம்புகள் வலைபோல் பின்னியிருந்தன. ஆகவே இருவிதையிலைத் தாவரம். பூவிதழ்கள் மூன்றும் மூன்றும் ஆறு. ஆகவே ஒருவிதையிலைத் தாவரம். சுப்புராயனின் பாடநூல் இரண்டையும் ஒரே செடிக்கு அனுமதிக்கவில்லை.

தாளில் குற்றம் காணவும் வழியில்லை. மலையிலிருந்து திரும்பிய அன்று பள்ளிக்கு அவசரமாக ஓட வேண்டியிருந்ததால், கொப்புகளை ஈரச்சாக்கோடு மனைவி கமலாவிடம் ஒப்படைத்திருந்தார். பேருந்து நிலையப் பூக்கடைகளுக்கு மாலை கட்டித் தரும் கமலா கைநேர்த்திக்குப் பெயர் பெற்றவர். செய்தித்தாளுக்கு நடுவே பரப்பி, அரிசி மூட்டையின் அடியில் அவர் வைத்தவை ஓரிலைகூட மடங்காமல் உலர்ந்திருந்தன.

சுப்புராயன் படமெடுத்துப் பள்ளியின் தாவரவியல் ஆசிரியர் அறிவுச்செல்வனுக்கு அனுப்பினார். தாம் சரிசெய்து கொடுத்த நுண்ணோக்கியில் படித்த பிள்ளை அவர்.

"படத்துல சரியாத் தெரியலண்ணே. அதே செடியில இன்னொரு பூ பறிச்சிக்கினு வாங்க, பாத்துடலாம்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினார். செடி அதே பாறையோரம் நின்றது. ஆனால் அதில் பூத்திருந்தவை கடுகளவுப் பூக்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ்கள். அருகில் கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மலைவாசி முனியனிடம் கைப்பேசிப் படத்தைக் காட்டினார்.

"இந்தப் பூ இந்தச் செடியில வராதுங்க."

"நீங்க நல்லாப் பாத்திருக்க மாட்டீங்க," என்றார் சுப்புராயன், பரிவோடு.

"பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்கறேன்."

வேறொருவராயின் அத்தாளைக் கைவிட்டிருப்பார். சுப்புராயனோ தர்க்கமுறைப்படி சிந்தித்தார். எல்லாக் கொப்பிலும் ஐந்து, ஒரே கொப்பில் ஆறு. எனவே இது அறிவியல் இதுவரை காணாதது. பேருந்து மலையிறங்கி முடிப்பதற்குள் அவர் பெயரும் தேர்ந்துவிட்டார்.

வீட்டில் கமலா மாலை கட்டிக்கொண்டிருந்தார். சுப்புராயன் நின்றபடியே விளக்கத் தொடங்கினார்.

"எந்தக் கொப்புன்றீங்க?"

"நீ மூட்டைக்கு அடியில வெச்சியே, அதுல ஒண்ணு. ஆறு எதழுப் பூ."

கமலாவின் கை நின்றது. "இன்னாங்க, அது உதுந்து போன…"

"குறுக்க பேசாத. புதுச் செடிக்கு உன் பேரத்தான் வைக்கப் போறேன். எந்த தேசத்துக்காரன் படிச்சாலும் கமலான்னுதான் படிக்கணும்."

மணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் ரேஷன் அட்டைக்கு வெளியே அந்தப் பெயரை எவரும் எழுதியதில்லை. கமலா கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தார். பிறகு, காபி வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சுப்புராயன் தாள்களோடு கொடுக்க அட்டை கட்டி வைத்திருந்த ஆய்வறிக்கையைப் பிரித்து, இருபத்தைந்தாவது தாளுக்கென்று பன்னிரண்டு பக்கங்களை முன்னால் சேர்த்து மறுபடி கட்டினார். அந்தச் செய்தி, ஆசிரியர்கள் அறைக்குச் சென்றது. அங்கிருந்து தலைமையாசிரியர் வழியாகக் காலை வணக்கக் கூட்டத்துக்குச் சென்றது. அறுநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அண்ணே, அந்த ஒண்ண வுட்டுட்டு இருவத்துநாலோட போங்க. அதுவே பாஸுக்கு ஜாஸ்தி," என்று அறிவுச்செல்வன் தனியே அழைத்துக் கெஞ்சினார். அறுநூறு பேரின் கைதட்டலை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

உளுந்தூர்பேட்டைத் தேர்வு மையத்தில் புறத்தேர்வாளர் நிர்மலா, திருநாவலூர்க்காரர், இருபத்துநான்கு தாள்களையும் பொறுமையாகப் புரட்டினார்.

"ரொம்ப சுத்தமா பண்ணியிருக்கீங்க. இதுவே போதுங்க."

போதாது என்றார் சுப்புராயன். இருபத்தைந்தாவது தாளை இரு கைகளாலும் நீட்டினார். "இத வெச்சே எனக்கு மார்க் போடுங்கம்மா. பாஸோ பெயிலோ, இதுலதான்."

நிர்மலா அதை நுண்ணோக்கியின் அடியில் வைத்தார். திருகைத் திருப்பினார். நெடுநேரம் குனிந்தபடியே இருந்தார். பின்னர் இடுக்கியால் பூக்காம்பின் அடியிலிருந்து முடிச்சிட்ட மயிரிழை போன்ற ஒன்றை உருவி, வெள்ளைத்தாளின்மேல் வைத்தார். புதிய உறுப்பாக இருக்கக்கூடும் என்று சுப்புராயன் குறிப்பேட்டைத் திறந்தார்.

நிர்மலா இருபத்தைந்தாவது தாளைத் தனியே நகர்த்திவிட்டு, மற்ற இருபத்துநான்குக்கும் மதிப்பெண் எழுதிக் கூட்டினார். 'தேர்ச்சி' என்று குறித்துக் கையொப்பமிட்டார். பேனாவை மூடினார். பிறகு, அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"உங்க வூட்ல சம்பங்கி கட்டுறது யாருங்க?"