மஞ்சள் தண்ணி குடித்த கமராப் பெட்டி

வேலணை.

அன்புள்ள மகன் வசீகரனுக்கு,

அப்பா கதிர்காமு எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகளும் பிள்ளைகளும் கனடாவில் சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் கடிதம் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாய் திறக்க முன்னமே "அப்பா, நான் வேலையில நிக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது, வாசித்துத்தான் தீர வேண்டும்.

இங்கே வீட்டில் நீ பூட்டின கமராக்களிலிருந்து உன் போனுக்கு வருகிற படம் நின்ற அன்று நீ சொன்னது என் தலைக்குள் இரைகிற இலையான் மாதிரிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கமரா இல்லாமல் வயசுபோன ரெண்டு பேரையும் தனிய விட ஏலாது, வீட்டைப் பூட்டிப்போட்டுக் கொழும்பில் வெள்ளவத்தையில் பிளாட் எடுத்துத் தருகிறேன் என்றாய். ஆறாம் மாடியாம். மாட்டை எங்கே கட்டுவது, பல்கணியிலா? அன்றிலிருந்து எனக்கு இருக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கேற்றுக்கும் கிணற்றுக்கும் நடந்து நடந்து செருப்பு அறுந்ததுதான் மிச்சம். நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு நீயே தீர்ப்புச் சொல்லு.

பழுதானது என் பிழை இல்லை. சரசுவதி பூசைக்கு உன் அம்மா வீட்டிலுள்ள இயந்திரம் எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பது உனக்குத் தெரியும். தையல் மெசின், கிரைண்டர், என் சைக்கிள்கூட. இந்த முறை அலுமாரிக்கு மேலிருந்த, கமராப் படமெல்லாம் வந்து சேருகிற பெட்டியையும் இறக்கிவிட்டாள். "இராப்பகலா எங்களைக் காவல் காக்கிறது, அதுக்கொரு பொட்டு வைக்கிறதில என்ன?" என்று சந்தனத்தை அப்பினாள். அதோடு விட்டாளா? மாவிலையால் மஞ்சள் தண்ணியும் தெளித்தாள். காற்றுப் போக விட்டிருக்கிற ஓட்டைகளுக்குள்ளால் எல்லாம் உள்ளே போய்விட்டது. திரும்பக் கொண்டுபோய் வயர்களைக் கொழுவினேன். ஒரு நாத்தம், ஒரு புகை, அவ்வளவுதான். "சாமிக்கு வைச்ச சாமான் பழுதாகாது, நீங்கள்தான் வயரை மாறிக் கொழுவினனியள்" என்று பழியும் என் தலையில்.

பெட்டியைச் சாரத்தால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். அங்கே துறையடியில் நிருபன் என்றொருவன் வள்ளக்காரரின் மீன் தேடுகிற மெசின்களைத் திருத்துகிறான். மூடியைக் கழற்றினவன் மணந்து பார்த்தான்.

"ஐயா, இதுக்கு அபிசேகம் செய்தனியளோ?"

"ஏன் தம்பி?"

"போர்ட் முழுக்கச் சந்தனம். பெரிய சிப் எரிஞ்சு போச்சு. இனி இந்தப் போர்ட் சரிவராது."

பிறகு அவனே, மண்டைதீவில் பூட்டிக்கிடக்கிற வீடொன்றிலிருந்து பழைய சாமானோடு வந்த இதே மாதிரிப் பெட்டி இருக்கிறது, அதன் போர்ட்டைக் கழற்றிப் போடுகிறேன் என்றான். போட்டான். வீட்டில் கொண்டுவந்து கொழுவினால் ரீவியில் கேற்றுத் தெரிகிறது, முற்றம் தெரிகிறது, மாடு தெரிகிறது! நான் துள்ளாத குறை. உனக்கு எடுத்துச் சொன்னால் நீ, "பொய் சொல்லாதேங்கோ அப்பா, என்ர போனில கறுப்பாத்தான் கிடக்கு" என்கிறாய். பெற்ற தகப்பனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது?

அடுத்த நாள் காலை அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். விறாந்தைக் கமராவிலிருந்து ஒரு பெண் குரல்: "அம்மா, அங்கால உங்கட மாடு வெண்டிக்கண்டைத் தின்னுது!" பேசுகிற கமராதான் வேண்டும் என்று வாங்கிப் பூட்டினது நீதானே. உன் அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கைகூப்பிக் கும்பிட்டாள். நான் ஓடிவந்து, "ஆர் நீ? எங்கை நிக்கிறாய்?" என்று கத்தினேன். "பிரான்சில, ஐயா" என்கிறது கமரா.

பெயர் ஜசிந்தா. மண்டைதீவுப் பத்திநாதரின் மகள். அந்தப் போர்ட் அவர்கள் வீட்டுப் பெட்டியினுடையது. போர்ட்டுக்குள்ளேயே ஓர் இலக்கம் இருக்கிறதாம், அது எந்தப் போனில் பதிந்திருக்கிறதோ அந்தப் போனுக்குத்தான் படம் போகுமாம். நிருபன் இதை இப்போதுதான் சொல்கிறான், கொள்ளையில் போவான்! "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. அப்பா செத்தாப்பிறகு அந்த வீட்டில ஒருத்தரும் இல்லை. எண்டாலும் போனில இருந்து அதை அழிக்க மனம் வரேல்லை. திடீரெண்டு பாத்தா வெளிச்சம் வந்திருக்கு, ஒரு அம்மா முற்றம் கூட்டுறா" என்று அழுதாள். நான் ஏசத்தான் வந்தேன், "சரி பிள்ளை, பாத்துக்கொள்ளு" என்றுவிட்டேன். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன். என் முற்றத்தில் நான் நிம்மதியாய்ச் சுருட்டுப் பிடிக்க ஏலாது. "ஐயா, இப்பத்தானே ஒண்டு குடிச்சனியள்" என்று பாரிசிலிருந்து சத்தம் வருகிறது. உன் அம்மா அதைக் கேட்டுச் சிரிக்கிறாள்.

ஆகவே மகன், நிருபன் தந்த அந்தப் போர்ட் இலக்கத்தை இந்தத் தாளின் ஓரத்திலேயே பெரிதாக எழுதியிருக்கிறேன். கிடைத்தவுடன் உன் போனில் பதி. ஜசிந்தாவை விலகச் சொல்கிறேன். தங்கமான பிள்ளை, மாட்டேன் என்று சொல்லமாட்டாள். படம் வந்தவுடன் பிளாட் கதையை விட்டுவிடு. அந்த மாடியில் என்னால் சீவிக்க ஏலாது ராசா. இதைக் கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

மருமகளுக்கு எங்கள் அன்பு. பேரப்பிள்ளைகளுக்கு உச்சியில் முத்தம். குளிருக்குள் திரிகிற உங்கள் எல்லோருக்கும் நயினை அம்பாள் துணை நிற்பாள்.

உன் அப்பா,
கதிர்காமு

பி.கு.: மேலே தாளில் ஓர் ஓட்டை இருக்கும். இலக்கம் அங்கேதான் இருந்தது. தபாலில் போட முன் அம்மா வாசித்துப்போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டாள். நிருபனுக்கும் போன் எடுத்து, திரும்பக் கேட்டால் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். பிளாட்டுக்கும் வரமாட்டாளாம். ஏனடி இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இவ்வளவு காலமும் அவன் கமராவில பாத்தவன். கேற்றுப் பூட்டியிருக்கோ, லைற் எரியுதோ எண்டுதான் கேட்டவன். அந்தப் பிள்ளை நான் நடக்கிறதைப் பாத்து, 'ஏனம்மா இண்டைக்கு நொண்டுறியள்?' எண்டு கேக்குது." அவள் கால் வீங்கியிருப்பது எனக்கும் அப்போதுதான் தெரியும், மகன்.