கனகாம்பரக் கழுத்து நாரை

“ஜெசிந்தா அம்மா, அது என்ன பறவை?”

ஜெசிந்தாவின் அம்மா டெபோரா பயந்துகொண்டிருந்த கேள்வி, படகு கரையை விட்டு நூறடி நகர்வதற்குள் வந்துவிட்டது.

ஜெசிந்தாவுக்கு மாமியாராகப் போகும் வியாகுலம்மாளின் விரலுக்கு நேராக, சேற்றுத் திட்டில் ஒரு பறவை நின்றது. உடம்பு கைக்குள் அடங்கும். கால்கள் மட்டும் அளவு தெரியாதவர் வெட்டிக் கொடுத்ததுபோல நீளம். அதுவும் ரோஸ் நிறத்தில்.

டெபோராவுக்கு நிச்சயமாகத் தெரிந்த பறவைகள் மூன்று: காக்கா, புறா, கோழி. ஒரு வாரமாக மகளின் செல்போனில் படம் பார்த்துப் பன்னிரண்டு பெயர்களை நெட்டுருப் போட்டிருந்தாள். படத்தில் ஒவ்வொன்றும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல முகம் காட்டியது. இங்கேயோ எல்லாம் தூரத்தில், முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒரே சாயலில் நின்றன. பன்னிரண்டு பெயர்களும் மண்டையை விட்டுப் பறந்துபோயிருந்தன.

எல்லாம் ஜெசிந்தாவால் வந்தது. போன மாதம் சம்பந்தம் பேசத் திருவொற்றியூரில் மாப்பிள்ளை சாவியோ வீட்டுக்குப் போனபோது, சங்கரா மீன் குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா என்று இரண்டு அம்மாக்களுக்கும் பேச்சு முற்றி, குழம்பு ஆறி, டெபோராவின் புருஷன் ஜேக்கப் பசியோடு வீடு திரும்பினார். அடுத்த சந்திப்பில் கல்யாணத்தை எந்தப் பங்குக் கோவிலில் வைப்பது என்று ஆரம்பித்து, அது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுவதில் முடிந்தது. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் தலைமை நர்ஸாக இருந்த வியாகுலம்மாளுக்கு எதிர்ப்பேச்சு கேட்டுப் பழக்கமில்லை. எம்.சி. ரோடு துணிக்கடையில் இருபத்திரண்டு வருஷமாகப் புடவை விற்கும் டெபோராவுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

நாளை மறுநாள் ஞாயிறு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று பூசையில் முதல் அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். வியாகுலம்மாள் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

“சாவியோ அம்மாவுக்குப் பறவைன்னா உயிரும்மா,” என்றாள் ஜெசிந்தா போன வாரம். “உனக்கும் அப்டித்தான்னு சொல்லி வச்சிட்டேன். எண்ணூர் கழிமுகத்துல பறவை பாக்குற எடம் கீதுல்ல, நீங்க ரெண்டு பேரு மட்டும் போய்ட்டு வாங்க.”

“இன்னாடி உளறிக்கினு கீற? பறவையப் பத்தி எனுக்கு இன்னா தெரியும்?”

“கஸ்டமர் எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லாத ஆளாச்சே நீ. சமாளி.”

அது உண்மைதான். கடையில் தெரியாது என்ற சொல்லுக்கு இடமில்லை. ‘இது என்ன கலர்’ என்று கேட்டால் கண் இமைப்பதற்குள் ஒரு பெயர் வைத்துவிட வேண்டும். பெயர் வைக்காத புடவை பெட்டியிலேயே கிடக்கும். வைத்துவிட்டால், ‘அந்த மாதுளைத் தோல் கலரை எடுங்க’ என்று வாடிக்கையாளரே கேட்பார்.

டெபோரா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“இதுவா? ரோஸ்மில்க் காலி.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே வியர்த்தது. வியாகுலம்மாள் பைனாகுலரை இறக்கி அவளை ஒரு முறை பார்த்தாள். வார்டில் பொய்க் காய்ச்சல் சொன்னவனைப் பார்க்கும் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று டெபோராவுக்குத் தோன்றியது.

“ஆமா,” என்றாள் வியாகுலம்மாள் நிதானமாக. “இந்த சீசன்லதான் வரும்.” சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

பின்னால் கழி ஊன்றிக்கொண்டிருந்த படகுக்காரர் பீம்ராவும் தலையாட்டினார். “கரீட்டா சொன்னீங்கம்மா. ரோஸ்மில்க் காலியேதான்.”

டெபோரா திகைத்துப்போனாள். அப்படி ஒரு பறவை நிஜமாகவே இருக்கிறதா? ஒருவேளை எப்போதோ கேட்டு, மறந்து, நாக்கு மட்டும் நினைவில் வைத்திருந்ததோ? அவள் திரும்பி அந்தப் பறவையைப் பார்த்தாள். அது ஒரு காலைத் தூக்கி, தண்ணீரில் வளையம் விழாமல் அடுத்த அடி வைத்தது. புதிதாகக் கிடைத்த பெயர் அதற்குப் பொருந்தாமலும் இல்லை.

படகு அலையாத்திச் செடிகளை ஒட்டிப் போனது. தூரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். அவற்றின் நிழல் விழும் தண்ணீரில்கூட ஏதோ ஒன்று முங்கி எழுந்தது. பஸ்ஸில் எத்தனையோ முறை இந்தக் கழிமுகத்தைப் பாலத்தில் கடந்திருக்கிறாள். மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடம் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றியதில்லை.

“அதோ பாருங்க,” என்றாள் வியாகுலம்மாள். கரைக்கல்லில் ஒரு சின்னக் குருவி விடாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. “நாடிக்குருவி. நிமிஷத்துக்குச் சரியா எழுபத்திரண்டு தடவை வாலாட்டும்.”

இவ்வளவு துல்லியமா! சும்மா இருந்தால் ஒன்றும் தெரியாதவள் என்று ஆகிவிடும்.

“ஆண் குருவி எழுபத்திரண்டு. பெண்ணு எண்பத்தஞ்சு.”

“எண்பத்தஞ்சுன்னா அதுக்குக் காய்ச்சல் இருக்கணும்,” என்றாள் வியாகுலம்மாள் சட்டென்று. பிறகு ஏனோ குரலைத் தணித்துக்கொண்டாள். “இல்ல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“ரெண்டு பேரு சொல்றதும் கரீட்டு,” என்றார் பீம்ராவ். “காலைல எழுவது, வெயில் ஏற ஏற எம்பது.”

இதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. டெபோரா ‘ஜரிகை வாலன்’ என்றாள். வியாகுலம்மாள் ‘கட்டுப்போட்ட கொக்கு’ என்றாள். டெபோரா ‘முந்தானை விசிறி’யைக் காட்டினாள். நோட்டில் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு பெயருக்கும் பீம்ராவ் மறுக்காமல் சாட்சி சொன்னார். டெபோராவுக்குப் பயம் ஒரு பக்கம், வேறேதோ ஒன்று இன்னொரு பக்கம். பெயர் வைக்க வேண்டுமென்றால் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. அலகின் நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, கழுத்தில் பட்டை எங்கே முடிகிறது என்று. ஐம்பத்தொரு வயதில் எதையும் விற்பதற்காக அல்லாமல் இப்படிப் பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டாள். உடனே, இதுவும் ஒரு விற்பனைதானே என்றும் நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் எதிரே இன்னொரு படகு வந்தது. அதில் கேமராவும் தொப்பியுமாக நான்கு பேர். ஒருவர் மடியில் தடித்த புத்தகம், அட்டையில் பறவை.

புத்தகம் இருக்கும் இடத்தில் ரோஸ்மில்க் காலி பிழைக்காது.

“அந்தப் பக்கம் போலாம்,” என்று எதிர்த் திசையில் கை நீட்டினாள். “அங்கதான் கனகாம்பரக் கழுத்து நாரை வரும். வந்தா அஞ்சு நிமிஷம்தான் நிக்கும்.”

மறுப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வியாகுலம்மாளோ அவளைவிட வேகமாக, “ஆமாமா, உடனே போகணும்!” என்றாள்.

“அங்க தண்ணி கம்மிம்மா. இப்ப வத்திக்கினு வேற கீது,” என்றார் பீம்ராவ்.

“பரவால்ல!” என்றார்கள் இரண்டு பேரும்.

படகு திரும்பி இருநூறடி போனது. அடியில் ‘சர்க்’ என்று ஒரு சத்தம். பிறகு அசையவில்லை. பீம்ராவ் இறங்கித் தள்ளினார். முழங்கால்வரை புதைந்தார். “தண்ணி ஏற ஒரு மணி நேரம் ஆவும்,” என்று சொல்லிவிட்டு, நடந்தே கரையேறி பீடி பற்றவைத்தார்.

தண்ணீரின் மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்பது டெபோராவுக்குத் தெரியாது. ‘கனகாம்பரக் கழுத்து நாரை’ என்று அவள் சொன்னது அந்தப் படகுக்கும் கேட்டிருந்தது. அவர்கள் ஆழமான வாய்க்கால் வழியாகச் சுற்றி வந்து, பத்தடி தள்ளி நின்றார்கள்.

“மேடம், என்ன நாரை சொன்னீங்க?” என்று புத்தகக்காரர் ஆவலோடு கேட்டார். “கனகாம்பரமா? இதுல அப்படி ஒண்ணு இல்லையே?”

ஓட இடமில்லை. சுற்றிலும் சேறு. ஞாயிற்றுக்கிழமைப் பூசையும், ஓலை வாசிக்கும் நேரத்தில் வரப்போகும் மௌனமும், முன்பெஞ்சில் ஜெசிந்தாவின் முகமும் டெபோராவின் கண்முன் வரிசையாக வந்துபோயின.

வியாகுலம்மாள் ஆடும் படகில் எழுந்து நின்றாள்.

“புத்தகம் எந்த வருஷத்துது?”

“மேடம்... ரெண்டாயிரத்துப் பன்னெண்டு.”

“அதான். மருந்தே ரெண்டு வருஷத்துல காலாவதி ஆயிடுது. இவங்க சொன்னா சொன்னதுதான். சத்தம் போட்டு நாரையைக் கலைக்காம நகருங்க!”

வார்டிலிருந்து உறவினர்களை வெளியேற்றும் குரல் அது. நான்கு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

டெபோரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாங்காய்க்காகச் சண்டை போட்டபோது எரிச்சலாகக் கேட்ட அதே குரல். தனக்காக எழும்பும்போது எவ்வளவு தெம்பாக இருக்கிறது! ஜெசிந்தாவுக்குப் பிரசவமோ காய்ச்சலோ என்றால் இந்தக் குரல் பக்கத்தில் இருக்கும். இதை ஏன் இத்தனை நாளாக யோசிக்கவே இல்லை?

அவர்கள் போன பிறகு இருவரும் படகில் உட்கார்ந்து தண்ணீர் ஏறக் காத்திருந்தார்கள். படகுக்கு எதிரே காற்றில் ஒரு பறவை வந்து நின்றது. கறுப்பும் வெள்ளையும் கலந்த சிறகை அடித்துக்கொண்டே, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், தண்ணீரையே பார்த்தது. கல்லைப் போல விழுந்தது. வெறும் அலகோடு எழுந்தது. மறுபடி நின்றது, மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை வெள்ளியாக ஒன்று அலகில் துடித்தது.

“ஐயோ, கிடைச்சிருச்சு!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு டெபோரா பெயர் வைக்கவில்லை. வியாகுலம்மாளும் கேட்கவில்லை.

தண்ணீர் ஏறிப் படகு மெல்ல ஆடியபோது வியாகுலம்மாள் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கட்டும். ஃபாதர்கிட்ட நானே பேசறேன். கல்யாணமும் உங்க கோவில்லயே இருக்கட்டும், சம்பந்தி. உங்ககிட்ட இன்னிக்கு நிறையக் கத்துக்கிட்டேன்.”

டெபோராவுக்குச் சந்தோஷம் பாதி, குற்றவுணர்ச்சி பாதி. இவ்வளவு நல்ல மனுஷியிடம் பொய்யைக் கொடுத்தா ‘சரி’யை வாங்குவது?

கரையில் இறங்கியதும் வியாகுலம்மாள் ஆட்டோ பிடிக்க முன்னால் நடந்தாள். டெபோரா பின்தங்கி, கயிறு கட்டிக்கொண்டிருந்த பீம்ராவிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணே, மன்னிச்சிக்கோங்க. நான் சொன்னதுல ஒரு பேருகூட நெஜமில்ல. அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

பீம்ராவ் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“அந்தம்மாவும் எறங்கறப்போ இத்தயேதான் என் காதுல சொல்ட்டு போச்சு. போன வாரமே உம் பொண்ணும் மாப்ளயும் வந்து, ‘ரெண்டு அம்மாவும் வருவாங்கோ, தெரிஞ்ச விசயம்னா சண்ட போட்டுக்குவாங்கோ, அதான் ரெண்டு பேருக்குமே ஒண்ணியும் தெரியாத எடமா பாத்து அனுப்புறோம், இன்னா பேரு சொன்னாலும் ஆமான்னு தலையாட்டு நைனா’ன்னு சொல்லி வச்சிட்டு போச்சுங்கம்மா!”