சளிக்கு நிறம் கேட்பவர்

மனிதர்களில் ஒரு வகையினர் உண்டு. நீங்கள் ஒரே ஒருமுறை இருமினால் போதும், மூன்று வீடு தள்ளிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் அதைப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். இவர்கள் டாக்டர்கள் அல்லர். டாக்டர் நம்மைக் காக்க வைப்பார். இவர்கள் நாம் இருமி முடிக்கும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். சளி வைத்தியர் என்று இவர்களுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஆஸ்துமா. நெஞ்சில் சளி சேர்ந்துகொள்ளும். கிளினிக் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், சொல்லிக்கொடுத்த வழி எளிது: வெந்நீர் குடி, மூச்சுப் பம்பை இழு, சற்றுப் பொறு, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாயைத் திறந்து மூச்சை விடு, பிறகு இருமித் துப்பு. அவ்வளவுதான். ஆனால் மிஸ்ஸி எங்கள் ஊர் செலண்டாரில் குடியிருக்கவில்லையே! அங்கமுத்து மாமா குடியிருக்கிறார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி அவருடையது.

"என்னடா தம்பி, என்ன கலர்ல வருது?"

"வெள்ளைதான் மாமா."

"கட்டியாவா, நூலாவா?"

"ரெண்டும்தான்."

"ஐஸ் கச்சாங் சாப்பிட்டியா?"

"போன மாசம்."

"அதான்லா."

போன மாதம் தின்ற ஐஸ், மலாக்கா வெயிலில்கூடக் கரையாமல், என் நெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். அன்றிலிருந்து வாழைப்பழம் கூடாது, தயிர் கூடாது, இளநீர் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் நிற்கக் கூடாது, காற்றாடிக்கு நேரே உட்காரவே கூடாது. மூச்சு விடலாமா? அதை மட்டும் அவர் தடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் சாட்சி ரெம்பியாவில் இருக்கும் ஓர் ஆள். இருபது வருடச் சளி அவருக்கு ஒரே நாளில் போய்விட்டதாம். ரெம்பியாவுக்குப் போய் விசாரித்தேன். அந்த ஆள் தெங்கேராவில் இருக்கிறார் என்றார்கள்.

இதற்கிடையில்தான் எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. டவுனில் ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. தெளிவான குரல் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் அங்கமுத்து மாமாவின் லோரியில் குலை ஏற்றப் போக வேண்டும், அப்பா முடிவே செய்துவிட்டார். அந்தத் தூசியும் என் நெஞ்சும் ஒன்றாக வேலை செய்ய முடியுமா?

திங்கள் காலை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மாமாவின் மனைவி ராமாத்தாள் அத்தை சாம்பிராணித் தட்டோடு உள்ளே வந்தார்.

"நல்லா இழுடா. புகை உள்ள போனா சளி வெளிய வந்துரும்."

புகை போனது. சளி வரவில்லை. மூச்சும் போனது.

பம்பை இழுத்தேன். வெந்நீர் குடித்தேன். கால்வாய் ஓரம் நின்று மிஸ்ஸி சொன்னபடி ஊதி, இருமி, துப்பி, பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன். ஓடினால் இன்னும் மோசம்.

மேனேஜர் கதிர்காமநாதன், யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர், கழுத்தில் டை. நான் "குட் மார்னிங் சார்" என்றேன். என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசிலும் சேர்ந்து சொன்னது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். லோரி என் கண்முன்னே வந்து நின்றது.

"தம்பி, உமக்குத் தொய்வு வருத்தமோ?"

"ஆமா சார், ஆஸ்துமாதான்."

"சளி என்ன நிறம்?"

அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் அவரே பேசினார். வேர்க்கொம்பு (நம்ம சுக்குதான்), மல்லி, அவிக்கும் பக்குவம், குடிக்கும் நேரம். மேசைமேல் டெலிபோன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. "செலண்டார்ப் பக்கம் ஒரு பெடியனுக்கு ஒரே நாளில சுகம் எண்டு கேள்வி," என்றார். செலண்டாரில் எந்த நெஞ்சு விசிலடிக்கும், எது அடிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், "அப்படிங்களா சார்?" என்றேன். பேசினால்தானே இருமல் வரும்!

கடைசியில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாற திங்கள் வேலைக்கு வாரும். இவ்வளவு நேரமும் குறுக்க பேசாமல் கேட்டீர். டெலிபோனுக்கு அதுதான் வேணும்."

இப்போது எட்டு மாதமாக அங்கேதான் இருக்கிறேன். இணைப்புக் கொடுக்கும்போது எப்போதாவது இருமினால், முகம் தெரியாத விருந்தாளிகள்கூட அறையிலிருந்தே மருந்து சொல்கிறார்கள்.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்களா? நல்லது. ஆனால் இரண்டாவது பத்தியிலிருந்தே உங்கள் நாக்கின் நுனியில் ஒரு கஷாயம் காத்திருக்கிறதே, அது என்ன? கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நிறமா? வெள்ளைதான்.