நான் கேட்டு வாங்கிய பஸ்

கோபர்கைரனேக்கு பஸ் கொண்டு வராமல் ஓய்வதில்லை என்று நான் சபதம் எடுத்தேன். ஊர்நலம் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மனைவி கனகவள்ளி வாய் திறந்து பேசினாளே, அந்தச் சந்தோஷத்தில் எடுத்த சபதம் அது.

எண்பத்தாறில் எங்கள் ஒரே மகன் சுயம்பு மஞ்சள்காமாலையில் போனான். பதினேழு வயது. அதற்கப்புறம் பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்துக்குள் என்னால் நடக்க முடியவில்லை. குழாயடியைப் பார்த்தாலும் அவன், கேரம் போர்டைப் பார்த்தாலும் அவன். எதிரில் வருகிற ஒவ்வொருவரும் துக்கம் கேட்டார்கள். வீட்டையும் பாத்திரக் கடையையும் விற்றேன். கடற்கழிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த கோபர்கைரனேயில் ஒரு வீடு வாங்கினேன். கீழேயே கடை. அங்கே யாருக்கும் எங்கள் பையனைத் தெரியாது. அதற்காகவே அந்த ஊர் எனக்குப் பிடித்தது.

கனகவள்ளியும் வந்தாள். சமைத்தாள், துவைத்தாள். பேச்சை மட்டும் லேபர் கேம்பிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் சேறும் செங்கல்லும்தான். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் சாயங்காலம், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

"ஏங்க, இந்த ஊருக்கு ஒரு பஸ் இருந்தா நல்லாருக்கும்லா? சனங்க பாவம், வாஷி வரைக்கும் நடக்காவ. நீங்க பேசினா நாலு பேரு கேப்பாவ."

கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவள் மெச்சியது அதுதான் முதல் தடவை. ஒரு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

மறுநாளே பஸ் கமிட்டி தயார். பக்கத்து வீட்டு அனந்தநாராயணன் மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டயரானவர். அவர் செயலாளர், நான் தலைவர். தலைவர் பதவி வந்த கையோடு தலைவலியும் வந்தது. பஸ் ஆபீஸுக்கு நடந்து நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. ஏறுவதற்கு ஆள் இல்லாத ஊருக்கு எப்படி பஸ் விடுவது என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். பஸ் இல்லாததால்தான் ஆள் இல்லை என்று என் பம்பாய் இந்தியில் விளக்கினேன். அவர் சிரித்தார். சாய் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசியில் மழையோடு மழையாக ரோட்டில் உட்கார்ந்தோம். முன்வரிசையில் பெண்கள். அதற்கும் முன்னால், குடைகூட இல்லாமல் கனகவள்ளி. முழங்கால் வலிக்காரி, எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். இவ்வளவு ஊர்நலம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

அதே அதிகாரி இறங்கி வந்தார். எந்த ஊர் வரைக்கும் பஸ் வேண்டும் என்று கேட்டார். கமிட்டியில் வாஷி என்றுதான் முடிவாகியிருந்தது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் கனகவள்ளி, "சயான்" என்றாள். வாஷியையும் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் பம்பாய்க்குள் இருக்கிறது சயான். பின்னாலிருந்த பெண்கள் எல்லாரும் சயான், சயான் என்றார்கள். தலைவர் என்ன செய்வார்? நானும் சயான் என்றேன்.

பஸ் வந்தது. எனக்கு மாலை போட்டார்கள். நான் மாலையைக் கழற்றுவதற்குள் அவள் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டாள். போனவள் பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாததால் அன்றைக்கு மட்டும் வீட்டில் இருந்தாள். மற்ற நாளெல்லாம் எனக்கு மூடி வைத்த ஆறின சோறு. எங்கே போகிறாய் என்று கேட்டால், சும்மா போய்விட்டு வருகிறேன் என்பாள்.

ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு அதே பஸ்ஸில் பின்சீட்டில் ஏறினேன். சயானில் இறங்கி, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தவள் எங்கள் பழைய லேபர் கேம்ப் சந்துக்குள் நுழைந்தாள். குழாயடியில் நின்ற பெண்கள், "சுயம்பு அம்மா வந்தாச்சு" என்று குடத்தை நகர்த்தி இடம் விட்டார்கள். அவன் சின்ன வயதில் வண்ணானுடைய கழுதையில் ஏறி ஓட்டிய கதையை யாரோ எடுத்தார்கள். கனகவள்ளி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று.

பூக்காரி ஆறுமுகத்தாய் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அங்கன சுயம்பு அப்பால்லா நிக்காவ" என்றாள்.

அப்படி யாராவது என்னைக் கூப்பிட்டு அவ்வளவு நாளாகியிருந்தது. யார் வீட்டுப் படியென்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நான் அழவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"கோபர்கைரனேல நான் பாத்திரக்கடைக்காரர் வீட்டம்மா" என்றாள் அவள். "லேபர் கேம்புக்கு வந்தாத்தான் நான் அவனுக்கு அம்மா."

"அப்போ என்னை பஸ் கேட்கச் சொன்னது இதுக்குத்தானா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சனங்களுக்கும் உதவிதானே."

பாலம் தாண்டியதும், "உங்களுக்கும் கடை லீவு ஞாயித்துக்கிழமைதான்" என்றாள். "அன்னைக்கிப் பாத்து பஸ் இல்ல. நீங்க கேட்டா குடுப்பாவ. தலைவராச்சே."

வாரத்தில் அந்த ஒரு நாளாவது எனக்குச் சுடுசோறு கிடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கடையைப் பூட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கும் பஸ் வேண்டும் என்று கேட்கப் போய் நின்றேன்.