பன்னிரண்டு நிமிடச் சாப்பாடு

ஒரு மணிக்குச் சாப்பிடப் போன பலராமன் ஒன்று பன்னிரண்டுக்கே ஆபீசுக்குத் திரும்பிவிட்டான். அன்றைக்கு நடந்த அத்தனை குழப்பத்துக்கும் அதுதான் காரணம்.

ஆபீஸ் என்றால் இருப்பிடச் சான்றிதழ் கொடுக்கிற ஆபீஸ். புதுச்சேரியில் பகல் ஒன்றிலிருந்து மூன்றரை வரை கடைகள், நாய்கள், அதிகாரிகள் எல்லாருக்கும் தூக்கம். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான்; அவன் விட்டுப்போன தூக்கத்தை மட்டும் அரசாங்கம் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறது. பலராமன் டெம்பரவரி கிளார்க். முப்பதாம் தேதி பெர்மனென்ட் ஆக வேண்டியவன். அவன் தூங்கியிருக்கலாம்.

கெடுத்தது தேவதாஸ். பாரீஸில் மெக்சிகோ ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர், இங்கே வந்து அதே மாதிரி கடை திறந்திருந்தார். அங்கே போகாதவனை ஊரில் ஆளாகவே மதிக்கவில்லை. பலராமனும் போனான். மக்காச்சோள ரொட்டியில் பீன்ஸ், தக்காளி, பச்சை மிளகாய் வைத்து மடித்துக் கையில் கொடுத்தார்கள். நின்றபடியே தின்றான். முடிந்துபோனது.

ஆபீஸ் வராந்தாவில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மில் வேலை போய் ஆறு மாதமான குஞ்சம்மாளுக்கு மறுநாள் காலை தட்டாஞ்சாவடி கம்பெனியில் சேரச் சான்றிதழ் வேண்டும். நாலாவது தடவையாக வந்திருந்தாள். சூப்பரின்டெண்ட் நாராயணசாமி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த தாள்கள் மேஜையில் இருந்தன. பலராமன் ரேஷன் கார்டைப் பார்த்தான், பேரை எழுதினான், முத்திரை குத்தினான். குஞ்சம்மாள் கருவடிக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஓட்டமாகப் போய்விட்டாள்.

இன்னொருவர் சாமிக்கண்ணு. சான்றிதழ் கைக்கு வந்தும் அவர் நகரவில்லை. ஐந்து நிமிடத்தில் கிடைத்தது செல்லுமா என்று சந்தேகம். மூன்றரை வரை உட்கார்ந்திருந்து நாராயணசாமியிடமே நீட்டினார்.

“சார், இது நெசமான சர்ட்டிபிகேட்தானா? என்னை அலையவே விடல சார்.”

நாராயணசாமிக்கு வியர்த்துவிட்டது. பலராமனைக் கூப்பிட்டார்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன் சார். ஒண்ணு பன்னெண்டுக்கே வந்துட்டேன்.”

“பன்னெண்டு நிமிஷத்துலயா? பொய் சொல்றியா, இல்ல ஒடம்பு சரியில்லையா?”

நேரடி விசாரணைக்கு ஜீப் கிளம்பியது. தேவதாஸ் கடையில் நாராயணசாமி விசாரணைக்காக மூன்று ரொட்டி தின்றார். பிறகு சாம்பார் எங்கே என்றார். இல்லை என்றார்கள். ரசமும் இல்லை.

“மோர்?”

“மெக்சிகோவுல மோர் ஊத்தறதில்ல முசியே,” என்று பாரீஸ் மரியாதையோடு சொன்னார் தேவதாஸ்.

ஆபீசுக்குத் திரும்பியதும் ஆணை பிறந்தது. ‘மோர் என்பது பகலுணவின் இறுதி அங்கமாதலாலும், மேற்படி தற்காலிக எழுத்தர் மோர் அருந்தியதற்குச் சான்று ஏதும் இல்லாமையாலும், அன்னாரது உணவு இடைவேளை இன்னும் நிறைவுறவில்லை எனக் கருதப்படுகிறது. இடைவேளையில் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் திரும்பப் பெறப்படும் வரை செல்லும், பெறப்பட்டபின் செல்லா.’

சாமிக்கண்ணு நிம்மதியாக மூச்சுவிட்டார். அப்பவே நினைத்தேன் என்று சொல்லிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

மிச்சம் குஞ்சம்மாள். இப்போதே போய் அவளிடமிருந்து வாங்கி வரவேண்டும், இல்லாவிட்டால் பெர்மனென்டை மறந்துவிட வேண்டும் என்று பலராமனுக்கு உத்தரவு. அவன் சைக்கிளை எடுத்தான். ஆணையை இன்னொரு தடவை படித்தான். சைக்கிளை மறுபடி ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான்.

“போகல?”

“சாப்பாட்டு நேரத்துல எப்படி சார் ஆபீஸ் வேலை பாக்கறது? நான் இன்னும் மோர் குடிக்கலியே.”

நாராயணசாமி பியூனை அனுப்பி ஒரு டம்ளர் மோர் வரவழைத்து மேஜையில் வைத்தார். பலராமன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் குஞ்சம்மாள் வேலையில் சேர்ந்துவிட்டாள். முப்பதாம் தேதியும் வந்து போனது. இடைவேளையில் இருப்பவனைப் பெர்மனென்ட் ஆக்கவும் விதி இல்லை, வேலையை விட்டு எடுக்கவும் விதி இல்லை. ஆணையின் நகல் மற்ற பிரிவுகளுக்கும் போயிற்று. இப்போது அந்த ஆபீசில் யாருமே மோர் குடிப்பதில்லை. சாமிக்கண்ணு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். ஆபீஸ் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று பக்கத்து ஆளிடம் சொல்கிறார்.

பியூன் தினமும் புது மோர் கொண்டுவந்து வைக்கிறான். போன வாரம்கூட நாராயணசாமி டம்ளரைப் பலராமன் பக்கம் நகர்த்தி, “குடிச்சித் தொலைடா,” என்றார்.

பலராமன் குடிக்கவில்லை.