நூறு பலம் யானை

"இந்தக் கார்டுல நான் கை வைக்க மாட்டேம்மா" என்று சொல்லி, மூக்குக்கண்ணாடிக்காரர் யானைப் படத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்.

நவமணிக்குச் சுர்ரென்று ஏறியது. சுங்கை சிப்புட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து, சிலிபின் மண்டபத்தின் கதவைத் திறக்கும்போதே வந்து நின்றவள் அவள்.

"ஏன் சார்? அசல் கார்டு சார் இது! கொக்கு மார்க் தேத்தூள் பொட்டலத்துலேர்ந்து என் கையால எடுத்தது."

"அசல்தான். அதனாலதான் வயிறு எரியுது. தந்தத்து மேல கோணல் மாணலா என்னது இது?"

"கையெழுத்து சார்!"

"அது தெரியுது. அதுக்கு மேல நான் என்ன பண்றது? சுத்தமான கார்டா கொண்டாங்க."

கொக்கு மார்க் கம்பெனிக்காரன் ஐந்து மாதமாகப் பொட்டலத்துக்கு ஒரு மிருகப் படம் போட்டான். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு பல எண். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு கார்டு போட்டால், பெரிய எண் சின்ன எண்ணை அள்ளிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் நூறு பலம் உள்ள யானை. அது வீட்டுக்கு வருவதற்குள் நவமணியின் புருசன் ஐயாவு தினம் எட்டு கிளாஸ் தேத்தண்ணி குடித்து, லோரி ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிற நிலைமைக்கு வந்திருந்தான்.

இன்றைக்குப் போட்டி. முதல் பரிசு தையல் மெஷின். நவமணி நான்கு வருசமாக நாத்தனார் ராக்காயி வீட்டு மெஷினில்தான் ரவிக்கை தைக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ராக்காயி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஊசி பத்திரம்லா, ஊசி பத்திரம்லா" என்பாள். அந்த 'லா'வை இனிமேல் கேட்கக்கூடாது என்பதற்காகவே நவமணி ஜெயித்தாக வேண்டும்.

படங்களை வரைந்த ஓவியரே நேரில் வந்து கையெழுத்துப் போடுவார் என்று நோட்டீசில் இருந்தது. மண்டபத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் 'ஓவியர்' என்று அட்டை, பின்னால் ஒரு வழுக்கைத் தலையர். மற்றதில் 'நடுவர்', பின்னால் இந்த மூக்குக்கண்ணாடிக்காரர். கூட்டம் சேர்வதற்குள் கையெழுத்தை வாங்கிவிடலாம் என்று நவமணி முதலில் போனது வழுக்கையரிடம். அவர் கார்டைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சரியாகத் தந்தத்தின் மேல் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது வினையாகிவிட்டது. நவமணி விறுவிறுவென்று அவரிடமே திரும்பினாள்.

"சார், இத அழிச்சிக் குடுங்க."

"போட்டது போட்டதுதாம்மா. அழிக்கிற வழக்கமே கெடையாது."

"இதனால கார்டு செல்லாதுங்கிறாங்க சார்!"

"யாரு சொன்னது? என் கையெழுத்து இருந்தாத்தான் செல்லும். தெளிவா விழலையோ என்னமோ, குடுங்க."

அவள் கையைத் தடுப்பதற்குள், தடித்த மார்க்கர் பேனாவால் அதே கையெழுத்தின் மேல் இன்னொரு தடவை இழுத்து, சுற்றி ஒரு வட்டமும் போட்டுவிட்டார்.

கண்ணாடிக்காரர் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தும்பிக்கையும் போச்சா" என்றார் மெதுவாக.

"சும்மா சொல்லுங்க சார், ஆடலாமா கூடாதா?"

"என்னைக் கேக்காதீங்கம்மா. எனக்குப் பாக்கவே சக்தியில்ல."

வரிசையில் பின்னால் நின்ற ஜெயபாலன் என்ற தைப்பிங்காரர் யோசனை சொன்னார். "அக்கா, மண்ணெண்ணெ தொட்டுத் தொடைங்க. மை பறந்துரும்."

நவமணி மண்டபத்துச் சமையற்கட்டுக்கு ஓடினாள். முந்தானை நுனியில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். மை போனது. தந்தம் போனது. நூறில் கடைசி சைபரும் கூடவே போனது. யானையின் பலம் இப்போது பத்து. அதே கார்டுக் கட்டில் எலிக்கே பன்னிரண்டு.

"சுசாலா, தொல்லையாப் போச்சே!" என்றார் ஜெயபாலன், இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

நவமணி அழவில்லை. அழுகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. பையைத் துழாவி அடுத்த பெரிய கார்டை எடுத்தாள். காட்டெருமை, பலம் தொண்ணூறு, ஒரு கீறல் இல்லை. அதைக் கண்ணாடிக்காரர் முன்னால் பட்டென்று வைத்தாள்.

"இந்தாங்க. சுத்தமான கார்டு. எவன் கையும் படல."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது கார்டு!" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, காட்டெருமையின் குளம்புக்குக் கீழே நெளிவு சுளிவாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

நவமணி கார்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"கையெழுத்து இருந்த கார்டைத் தள்ளிட்டு, இப்ப நீங்களே போடுறீங்களா?"

"பின்ன? இதுக்குத்தானேம்மா வந்திருக்கேன். பத்திரமா வச்சிருங்க."

"அம்மா!" அந்த மேசையிலிருந்து வழுக்கையர் அதட்டினார். "என்கிட்ட காட்டாம ஒரு கார்டும் உள்ள போவக்கூடாது."

என்ன திமிர்! நாலு படம் வரைந்துவிட்டால் மண்டபமே இவருக்குச் சொந்தமா? பல்லைக் கடித்துக்கொண்டு போய் நீட்டினாள். அவர் குனிந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இது யாரு போட்டது? கண்டவன் கையெழுத்துப் போட்ட கார்டு செல்லாது."

"கண்டவனா! யாரைய்யா கண்டவன்?" என்று கண்ணாடிக்காரர் நாற்காலி சாய எழுந்துவிட்டார்.

நவமணி ஒரு கையில் யானையும் ஒரு கையில் காட்டெருமையுமாக மண்டபத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"மேனேஜர் எங்க? ஏழை பாழைங்க வயித்தைக் கட்டி உங்க தூளை வாங்கிக் குடிச்சா, ரெண்டு பேரா சேர்ந்துகிட்டு ஏமாத்துறீங்களா? ஒருத்தரு கையெழுத்து இருக்கணுங்கிறாரு. ஒருத்தரு கூடாதுங்கிறாரு. கூடாதுன்னவரே போடுறாரு. இருக்கணும்னவரே செல்லாதுங்கிறாரு! எனக்கு மெஷின் வேணாம். நியாயத்தைச் சொல்லிட்டு அப்புறம் போட்டிய நடத்துங்க!"

வரிசையில் நின்ற நாற்பது பேரும் கை தட்டினார்கள். கம்பெனி மேனேஜர் முருகப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"என் வேலைய ஒழுங்காச் செஞ்சேன்" என்றார் வழுக்கையர்.

"நானும்தான்" என்றார் கண்ணாடிக்காரர். "வாழ்க்கையில இப்படி ஒரு அவமானம் பட்டதில்ல."

"யாரு மேல தப்புன்னு இப்பவே தெரிஞ்சாகணும்!" என்றாள் நவமணி.

தேத்தண்ணித் தட்டோடு வந்த மண்டபத்து வேலைக்காரி வீரம்மா இரண்டு மேசைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"யாரையும் திட்டாதீங்கலா, காலையில மேசை தொடைச்சப்ப பேரு அட்டை ரெண்டையும் நான்தான் மாத்தி வச்சிட்டேன் போலருக்கு; கண்ணாடி போட்டவருதான் ஓவியரு, அந்த மொட்டைத் தலைதான் நடுவரு."