மாமனார் பைக்குக்கு நான் பார்த்த வைத்தியம்

மாமனார் வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மாப்பிள்ளைகள் ஆபத்தானவர்கள். பெண்ணைப் பெற்றவர்கள் குறித்துக்கொள்ளவும். நான் அந்த ரகம்.

2002-இல் எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கல்பாக்கத்தில் பம்பு, வால்வுகளைப் பராமரிக்கும் வேலை. எங்கேயும் எதுவும் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம். (சிரிக்க வேண்டாம்.)

மாமனார் திருக்கழுக்குன்றத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபதுகளில் வாங்கிய பைக் ஒன்று வைத்திருந்தார். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டங்' என்று அலறும். பிரேக் பிடித்தால் சாமி கும்பிடுகிற மாதிரி குனியும். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு ஃபோர்க் குழாய்களிலும் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எந்த மெக்கானிக்கையும் அவர் அதைத் தொட விட்டதில்லை. "அது அப்படியே இருக்கட்டும் மாப்ளே" என்று பேச்சை மாற்றிவிடுவார். வண்டிமேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வாரம் உள்ளறையில் ஓய்வு. துணைக்கு லீவு போட்டு வந்த எனக்குக் கை அரித்தது.

"அப்பாவைக் கேட்டுட்டுத் தொடுங்க" என்றாள் என் மனைவி சுமதி.

"கேட்டா அது எப்படி சர்ப்ரைஸ் ஆகும்?"

சதுரங்கப்பட்டினத்து மெக்கானிக் கன்னியப்பனிடம் போய்ப் புதுமாடல் வண்டியின் ஸ்பிரிங் இரண்டு வாங்கினேன்.

"அண்ணாத்த, இது நீட்டு ஜாஸ்தி. அளவு பார்த்துப் போடு. ஆயிலும் அளவா ஊத்து. ரொம்ப ஊத்துனா சீலு பூடும்."

"நான் என்ன வேலை பாக்குறேன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா பயமா கீது."

கொல்லையில் வண்டியை நிறுத்தி ஃபோர்க்கின் மேல் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் அமுங்கிக்கிடக்கும், மூடியை மெல்ல விடவேண்டும் என்பது எனக்கும் தெரியும். மூடி என் காதை உரசிக்கொண்டு பறந்துபோய் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மோதிய பிறகு நன்றாகவே தெரிந்தது.

"என்ன மாப்ளே சத்தம்?" அடுக்களையிலிருந்து மாமியார்.

"காக்கா, அத்தை."

இடது குழாயில் ஸ்பிரிங்குக்கு மேல் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை இருந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தாலும் கடைசல் வளையங்கள் தெரிந்தன. எந்த மடையன் ஃபோர்க்குக்குள் கட்டையைச் செருகினான் என்று திட்டிக்கொண்டே அதைத் துவைக்கிற கல் பக்கம் வீசினேன். புது ஸ்பிரிங்கை அமுக்கி உட்கார வைத்தேன். 'அளவாக' என்றால் எவ்வளவு என்று கன்னியப்பனைக் கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. குழாய் நிறைய ஊற்றினேன்.

வண்டி முன்பக்கம் தூக்கிக்கொண்டு கம்பீரமாக நின்றது. சுமதிக்கு மட்டும் அது முன்கால் தூக்கின கழுதை மாதிரி இருந்ததாம்.

மறுநாள் செங்கல்பட்டில் கண் டாக்டரைப் பார்க்கவேண்டும். குனியக்கூடாது, குலுங்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பஸ்ல இடிப்பாங்க மாமா. நான் மெத்தைல உக்கார வச்ச மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் கைப்பிடியை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. "திறந்தீங்களா?" என்றார் சன்னமாக. முகம் வெளுத்திருந்தது. மாமியார் பக்கத்தில் நின்றதால் வேறொன்றும் கேட்காமல் ஏறிக்கொண்டார்.

முதல் வேகத்தடையில் ஃபோர்க் ஒரு இம்மிகூட இறங்கவில்லை. சுவரில் மோதியது போலிருந்தது. மாமனார் என் தோளை இறுக்கிப் பிடித்தார். இரண்டாவது வேகத்தடையில் 'பொளக்' என்று ஒரு சத்தம். எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீல் பிய்த்துக்கொண்டு எண்ணெய் ஊற்றாகப் பீறிட்டது. காற்று அதை எங்கள் இருவர் மேலும் பாரபட்சமில்லாமல் தெளித்தது. முன் பிரேக்கும் வழுக்கியது. பின் பிரேக்கை மிதித்து, சாலையோர நுங்குக் குவியலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

திரும்பிப் பார்த்தேன். மாமனாரின் கறுப்புக் கண்ணாடி முழுக்க எண்ணெய் வழிந்தது. ஒரு மனிதருக்குத் திரும்பக் கிடைத்த பார்வையை நானே கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"மாமா... கண்ணு தெரியுதா?"

"கண்ணாடியைத் துடைச்சாதானே தெரியும் மாப்ளே!"

நுங்கு வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "இன்னா சார், வண்டி வாந்தி எடுத்துகினு கீது?"

வண்டியை அவரிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். டாக்டர் கண்ணைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை நான் மூச்சு விடவில்லை. "எதுல வந்தீங்க?" என்று கேட்டார்.

"பஸ்லதான்" என்றார் மாமனார், என்னைப் பார்க்காமல்.

"எந்த பஸ்ல சார் எண்ணெய் தேய்ச்சு விடுறாங்க?"

வெளியே வந்ததும் மாமனார் என் கையைப் பிடித்தார். "இடது பக்கம் ஒரு கட்டை இருந்திருக்குமே?"

"ஆமா மாமா. எவனோ மடையன்..."

"நான்தான்."

இருபது வருஷத்துக்கு முன்னால் அவரும் யாரையும் கேட்காமல் அதைப் பிரித்திருக்கிறார். ஸ்பிரிங் உடைந்து நீளம் குறைந்துவிட, மாமியாரின் தயிர் மத்துக் கைப்பிடியை அறுத்துச் செருகிவிட்டார். அது மாமியாருக்குத் தாய்வீட்டுச் சீர். அந்த வாரம் ஊரப்பாக்கத்திலிருந்து வந்துபோன மாமனாரின் தங்கைதான் எடுத்துப்போனாள் என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து ஊரப்பாக்கத்து அத்தையோடு அவருக்குப் பேச்சு இல்லை.

"இன்னைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்படியே இருபது வருஷம் ஓடிப்போச்சு" என்றார். அவர் கண் கலங்கியது. (டாக்டர் அதையும் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்.)

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். கையில், நான் துவைக்கிற கல் பக்கம் வீசிய அந்தக் கட்டை. "இந்த வளையம் எங்கம்மா பார்த்துப் பார்த்துக் கடையச் சொன்னது" என்றார். மாமனார் வாசலிலேயே எல்லாவற்றையும் ஒப்பித்தார். மாமியார் கத்தவில்லை. நேராகப் போய் ஊரப்பாக்கத்துக்கு போன் போட்டார். "நான்தாம்மா, அண்ணி" என்றவர் அதற்குமேல் பேச முடியாமல் அழுதார். அந்தப் பக்கமும் அழுகைதான். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் இருவரையும் திட்ட ஆரம்பித்தார்கள்.

கன்னியப்பன் நுங்குக்காரரிடமிருந்து வண்டியைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் சரியான ஸ்பிரிங், புது சீல் போட்டு, அளவாக எண்ணெய் ஊற்றிக் கொடுத்தான். வண்டி நிஜமாகவே மெத்தைபோல் ஓடியது.

இன்றும் எந்தக் கல்யாணத்திலும் ஊரப்பாக்கத்து அத்தை என்னைத் தேடிப்பிடித்து நாலு பேருக்கு அறிமுகம் செய்வார். "எங்க அண்ணியையும் என்னையும் சேர்த்து வச்ச புண்ணியவான் இவர்தான். தங்கமான மனுஷன். வண்டிச் சாவியை மட்டும் பத்திரமா வச்சுக்குங்க."